பெற்றோரின் மனநோய்: சட்டத்தின் கண்ணில் படாத பிள்ளைகள்

கடந்த நூற்றாண்டின் தொடக்கம் முதல் இன்று வரை மனநோயாளிகளைக் குறித்து இந்த நாட்டில் மூன்று முக்கியச் சட்டங்கள் வந்துள்ளன. 1912-ல் வெள்ளைக்காரர் ஆட்சி கொண்டுவந்த சட்டம், நோயாளியைப் பிடித்து அடைத்து வைப்பது எப்படி என்பதிலேயே கருத்தாக இருந்தது. 1987-ல் வந்த சட்டம், மனநோய் ஆஸ்பத்திரிகளுக்கு லைசென்ஸ் கொடுப்பது, நோயாளியைச் சேர்ப்பது, விடுவிப்பது ஆகியவற்றுக்கு முறை வகுத்தது. 2017-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2018-ல் அமலுக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம்தான் நோயாளிக்கு உள்ள உரிமைகளை ஒவ்வொன்றாக எழுதி வைத்தது. இது பெரிய முன்னேற்றம் என்பதில் இரண்டு அபிப்பிராயம் இருக்க முடியாது.

ஆனால், ஒரு வீட்டில் தாய்க்கோ தகப்பனுக்கோ மனநோய் கண்டால், அந்த வீட்டுப் பிள்ளையின் கதி என்ன? இந்தக் கேள்விக்குச் சட்டம் தரும் பதில் மிகச் சிறியது. ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெறும் தாயிடமிருந்து 3 வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்கிறது. நல்ல விதிதான். குழந்தைக்கு 4 வயது ஆகிவிட்டால் என்ன செய்வது? 12 வயது என்றால் என்ன செய்வது? அதற்கு விதி இல்லை. நோயாளிக்கு உரிமை உண்டு; ஆஸ்பத்திரிக்குக் கடமை உண்டு; போலீசுக்கும் கடமை உண்டு. காலையில் எழுந்து மாத்திரையை எண்ணிக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு மட்டும் எந்தக் கணக்கிலும் இடமில்லை.

கணக்கில் வராதவர்கள்

பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-ல் 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வு ஒன்றை நடத்தியது. தமிழ்நாடு அதில் ஒன்று. கர்நாடகம் அதில் இல்லை. 18 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஆய்வு நடந்த காலத்தில் ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருந்ததாக அது கண்டது. அதைவிடக் கவலை தரும் செய்தி, பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பான்மையோர் சிகிச்சைக்கே போகவில்லை என்பது. நோய்க்கு நோய் வேறுபட்டாலும், சிகிச்சை பெறாதோர் 100-க்கு 70 பேருக்குக் குறையவில்லை.

இந்தப் புள்ளிவிவரம் மேடைகளில் அடிக்கடி சொல்லப்படுகிறது. ஆனால் இவர்களில் எத்தனை பேர் பள்ளிப் பிள்ளைகளின் தாய் தகப்பன் என்று கேட்பவர் குறைவு. கல்யாணமாகிக் குழந்தை குட்டி வளர்க்கும் வயதில்தான் இந்நோய்கள் பலவும் தலைகாட்டுகின்றன. பிரசவத்தை ஒட்டித் தாய்க்கு வரும் மனநோய் ஒரு தனி வகையாகவே உள்ளது. ஆகவே நோயாளி என்று ஒருவரைக் கணக்கெடுக்கும்போது, அநேக வீடுகளில் அவரை நம்பியுள்ள ஒரு குழந்தையையும் சேர்த்து எண்ணித்தான் ஆகவேண்டும்.

குடியையும் இதில் சேர்க்க வேண்டும். மதுவினாலும் போதைப் பொருளாலும் வரும் மனநிலைக் கோளாறு 2017-ம் ஆண்டுச் சட்டத்தில் மனநோய் என்ற வரையறைக்குள்ளேயே வருகிறது. தகப்பன் குடித்துவிட்டு வரும் நேரத்தைக் கணித்துத் தம்பியையும் தங்கையையும் முன்னதாகவே தூங்க வைக்கும் பெண் குழந்தை எந்தத் தொழிலாளர் குடியிருப்பிலும் இருக்கிறாள். அவளும் மனநோயாளியின் பிள்ளைதான். அவளை யாரும் அப்படி நினைப்பதில்லை, அவ்வளவே.

மொழிபெயர்ப்பாளராகும் பிள்ளை

சொந்த ஊரில் இந்தக் கஷ்டம் நேர்ந்தால் பாட்டி இருப்பாள், சித்தி இருப்பாள், பக்கத்து வீட்டு அத்தை இருப்பாள். ஒரு வேளை சோறாவது வேறொரு வீட்டு அடுப்பிலிருந்து வரும். பிழைப்புக்காகப் பெங்களூர் வந்து ஒற்றை அறையில் குடியிருக்கும் குடும்பத்துக்கு அந்த வசதி கிடையாது. தர்மபுரியிலும் திருவண்ணாமலையிலும் உள்ள சொந்தக்காரர்கள் தகவல் கேட்டுப் புறப்பட்டு வந்து, இரண்டு நாள் இருந்துவிட்டுத் திரும்பிப் போவார்கள். தகப்பன் பீனியாவிலோ பொம்மனஹள்ளியிலோ ஷிப்டு வேலைக்குப் போகிறவர். லீவு போட்டால் சம்பளம் போகும். அடிக்கடி போட்டால் வேலையே போகும். மிச்சம் இருப்பது பிள்ளை.

அந்தப் பிள்ளை சமைக்கிறது. கேஸ் அடுப்பை அணைத்தாயிற்றா என்று இரண்டு முறை பார்க்கிறது. ரேஷன் கடைக்குப் போகிறது. தாய் விழுங்கியது போல் காட்டி மாத்திரையை ஜன்னல் வழியே எறிந்தாளா என்று கவனிக்கிறது. வீட்டுக்காரர் சத்தம் போட்டால் சமாதானம் சொல்கிறது. பள்ளியில் கேட்டால், "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை" என்ற ஒரே வாக்கியத்தில் எல்லாவற்றையும் மூடி வைக்கிறது. பெண்ணாக இருந்தால் 8-ம் வகுப்போ 9-ம் வகுப்போடு படிப்பு நின்றுபோகும் அபாயமும் உண்டு.

இவற்றுடன் வெளிமாநிலத்தில் வாழும் பிள்ளைக்குக் கூடுதலாக ஒரு வேலை வந்து சேருகிறது. பெங்களூரில் தமிழ் தெரிந்த டாக்டர்களுக்குப் பஞ்சமில்லை என்பது உண்மை. ஆயினும் எல்லா டாக்டருக்கும் தமிழ் தெரியும் என்று சொல்ல முடியாது. புறநோயாளிச் சீட்டு, படிவம், அறிவிப்புப் பலகை எல்லாம் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோதான் இருக்கும். ஊரிலிருந்து கல்யாணமாகி வந்த தாய்க்கு இரண்டும் வராது. பள்ளியில் கன்னடம் படிக்கும் பிள்ளைதான் இடையில் நின்று பேச வேண்டும். காய்ச்சலுக்கும் வயிற்றுவலிக்கும் இப்படிப் பேசுவதில் தவறில்லை. மனநோய்க்கு அப்படியல்ல. காதில் குரல் கேட்கிறதா, யாரேனும் கொல்ல வருவதாகத் தோன்றுகிறதா, சாகவேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்றெல்லாம் டாக்டர் கேட்டாக வேண்டும். 12 வயதுப் பிள்ளை அந்தக் கேள்வியைத் தன் வாயால் தாயிடம் தமிழில் கேட்கிறது. தாய் சொன்ன பதிலைத் தன் வாயால் கன்னடத்தில் சொல்கிறது. எந்தச் சட்டப் புத்தகத்திலும் இது குற்றமல்ல. ஆனாலும் எந்தப் பிள்ளைக்கும் வரக்கூடாத வேலை இது.

குடும்பத்தை நம்பிய வைத்தியம்

மனநோய் வைத்தியத்தில் குடும்பத்தாரைக் கூட்டாளியாக்கியதில் இந்தியா மற்ற நாடுகளுக்கு முன்னோடி என்பது கவனிக்கத்தக்கது. மேல்நாடுகளில் நோயாளியை ஊருக்கு வெளியே பெரிய மதிலுக்குள் தனிமைப்படுத்தி வந்த காலத்தில், 1950-களில், அமிர்தசரஸ் மனநோய் ஆஸ்பத்திரியின் தலைவராக இருந்த டாக்டர் வித்யாசாகர் ஆஸ்பத்திரி வளாகத்திலேயே கூடாரம் போட்டு நோயாளியுடன் குடும்பத்தாரையும் தங்க வைத்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் அதே பத்தாண்டில் குடும்பத்துடன் சேர்த்துச் சிகிச்சை தரும் முறையைக் கைக்கொண்டது. பெங்களூரிலும் அந்த வழி பின்பற்றப்பட்டது. நோயாளி சீக்கிரம் வீடு திரும்பவும், வீட்டார் அவரை ஏற்றுக்கொள்ளவும் இந்த முறை பெரிதும் உதவியது.

ஆனால் "குடும்பத்தார்" என்றபோது எல்லோர் மனத்திலும் இருந்தது வளர்ந்த ஆள். கணவன், மனைவி, அண்ணன், தாய் மாமன். புதிய சட்டமும் அப்படியே. நோயாளி தமக்காகப் பேச ஒரு பிரதிநிதியை நியமித்துக்கொள்ளலாம் என்று அது கூறுகிறது. அந்தப் பிரதிநிதி மைனராக இருக்கக் கூடாது என்றும் கூறுகிறது. இதில் நியாயம் உண்டு. ஒரு குழந்தையின் தலையில் கையெழுத்துப் பொறுப்பைச் சுமத்தக் கூடாதுதான். ஆனால் பொறுப்பு ஏற்கெனவே அதன் தலையில்தான் இருக்கிறது. எந்த மாத்திரைக்குப் பிறகு தாய் மூன்று நாள் எழவில்லை, எந்த மாதம் முதல் தனக்குள் பேசத் தொடங்கினாள் என்பதெல்லாம் ஷிப்டு வேலைக்குப் போகும் கணவனைவிடப் பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். அதனிடம் கேட்பாரும் இல்லை. அதற்குச் சொல்வாரும் இல்லை. தாயுடன் வார்டில் தகப்பன் தங்கிவிட்டால், வீட்டில் அன்று இரவு பிள்ளை யாருடன் இருக்கிறது என்று விசாரிப்பதும் யாருடைய வேலையும் அல்ல.

பிள்ளை கேட்காத கேள்விகள்

இத்தகைய பிள்ளைகளின் மனத்தில் சில கேள்விகள் பொதுவாக இருப்பதாக மனநல டாக்டர்கள் கூறுகிறார்கள். நான் ஏதாவது தப்புச் செய்ததால் அம்மாவுக்கு இப்படி ஆயிற்றா? எனக்கும் இது வருமா? அம்மா எப்போது பழையபடி ஆவாள்? அப்பாவுக்கும் ஏதாவது ஆகிவிட்டால் எங்களை யார் பார்த்துக்கொள்வார்கள்? பெரியவர்கள் வாய் திறக்காததால், பிள்ளை தானே பதிலைக் கற்பித்துக்கொள்கிறது. அந்தக் கற்பனை பெரும்பாலும் உண்மையைவிடக் கொடூரமாகவே இருக்கும்.

உண்மை அவ்வளவு பயங்கரமானதல்ல. பிள்ளையின் சேட்டையாலோ, குறைந்த மார்க்காலோ தாய்க்கு மனச்சிதைவு நோய் வருவதில்லை. அந்நோய் 100 பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு வருகிறது. தாய் தகப்பன் இருவரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு 10-ல் ஒன்று என்ற அளவுக்குக் கூடுகிறது. அதாவது, அத்தகைய 10 பிள்ளைகளில் 9 பேருக்கு அது வருவதே இல்லை. சிகிச்சை சரியாக நடந்தால் நல்ல நிலையில் இருந்துகொண்டு குடும்பம் நடத்துகிற, வேலைக்குப் போகிற, பிள்ளை வளர்க்கிற நோயாளிகள் ஏராளம். மனநோய் கண்ட தாய் பிள்ளை வளர்க்கத் தகுதியற்றவள் என்று நினைப்பது பெரிய அநியாயம். இவ்வளவையும் 10 வயதுப் பிள்ளைக்குப் புரியும்படி கால் மணி நேரத்தில் சொல்லிவிடலாம். சொல்லாமல் இருப்பதற்குக் காரணம் ஒன்றே: வெளியே தெரிந்தால் மானம் போகும், நாளைக்குக் கல்யாணம் நடக்காது என்ற பயம். தமிழ்நாட்டில் "கீழ்ப்பாக்கம்" என்ற ஊர்ப் பெயரையே வசைச் சொல்லாக்கி வைத்திருக்கும் சமூகத்தில் அந்தப் பயம் எளிதில் போகாது.

பம்பாய் மாஹிமில் மனநோய் கண்ட தாயுடன் வளரும் ஒரு மகனின் கதையை ஜெர்ரி பிண்டோ 2012-ல் ஆங்கில நாவலாக எழுதினார். அதற்கு 2016-ல் சாகித்ய அகாதமி பரிசு கிடைத்தது. ஒரே அறைக்குள் நான்கு பேர் வாழ்ந்து, ஒருவரின் நோயை நால்வரும் அனுபவிப்பது எப்படி என்பதை நகரவாசிகள் பலரும் அதன் பிறகே பேசத் துணிந்தார்கள். தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு அப்படிப் பேசும் நாள் இன்னும் வரவில்லை.

ஊருக்கு அனுப்புவது தீர்வா?

வெளிமாநிலத் தமிழர் குடும்பங்களில் இந்நோய் வந்தால் முதலில் தோன்றும் யோசனை, ஊருக்கு அனுப்பிவிடலாம் என்பதுதான். சில சமயம் அது நன்மையாகவே முடியும். பல சமயம் அது கோயில், தர்கா, மந்திரவாதி என்று அலைவதில் முடிகிறது. நம்பிக்கையைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் 2001 ஆகஸ்டு 6-ந் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 நோயாளிகள் கருகி மாண்டதை மறக்க முடியாது. சங்கிலி போடுவதை 2017-ம் ஆண்டுச் சட்டம் எந்த விதத்திலும் கூடாது என்று தடை செய்துவிட்டது. வேண்டுதலும் நடக்கட்டும், மருந்தும் நடக்கட்டும் என்பதே புத்திசாலித்தனம்.

தாயைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டு உறவை வெட்டிக்கொள்ளும் கணவன்மார்களும் உண்டு. இந்து திருமணச் சட்டத்தில் மனநோய் விவாகரத்துக்கு ஒரு காரணமாக இன்றும் உள்ளது. ஆனால் நோயின் பெயரை மட்டும் காட்டி விவாகரத்துப் பெற முடியாது, சேர்ந்து வாழவே இயலாத அளவுக்கு நோய் முற்றியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 1988-லேயே தீர்ப்பளித்துள்ளது. எப்படி முடிந்தாலும் நடுவில் நிற்பது பிள்ளை. பாதி வருஷத்தில் பெங்களூர் பள்ளியிலிருந்து எடுத்து, ஊரில் வேறு மொழிப் பாடத்தில் சேர்ப்பதால் ஒரு வருஷப் படிப்பு வீணாகிறது. தாயும் போய், பள்ளியும் போய், தோழர்களும் போய், பிள்ளை மூன்று நஷ்டங்களை ஒரே மாதத்தில் சுமக்கிறது.

இப்போதே உள்ள வழிகள்

உதவியே இல்லை என்று சொல்லிவிட முடியாது. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்கள், அதற்கான கார்டு இல்லாவிட்டாலும், அரசு நடத்தும் மனநல நிலையங்களில் இலவசச் சிகிச்சை பெறச் சட்டப்படி உரிமை உடையவர்கள். உடல் நோய்க்கு உள்ளது போலவே மனநோய்க்கும் இன்சூரன்ஸ் தர வேண்டும் என்பதும் சட்டம். நோயின் வேகத்தில் தெருவில் திரிபவரைப் போலீசார் லாக்கப்பில் வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

2022 அக்டோபர் 10-ந் தேதி மத்திய அரசு தொடங்கிய "டெலி மானஸ்" என்ற தொலைபேசிச் சேவை 14416 என்ற எண்ணில் இரவு பகலாக இயங்குகிறது. கட்டணம் இல்லை, தமிழ் உட்பட 20 மொழிகளில் பேசலாம். கன்னடம் தெரியாத தாய்க்கு இது ஒரு வாசல். குழந்தைகளுக்கென்று உள்ள 1098, 1996-ல் பம்பாயில் தொடங்கி நாடெங்கும் பரவிய எண். இப்போது அரசின் பொறுப்பில் நடக்கிறது.

2015-ம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி, பராமரிக்க இயலாத நிலையில் பெற்றோர் உள்ளதாகக் குழந்தைகள் நலக் குழு கண்டால், அந்தப் பிள்ளை "பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை" ஆகும். இதைக் கேட்டதும் பெற்றோர் பயப்படுகிறார்கள். பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய் ஹோமில் போட்டுவிடுவார்கள் என்று நினைக்கிறார்கள். ஹோமில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்று அதே சட்டம் கூறுகிறது. வீட்டிலேயே வைத்துப் படிக்க வைக்க, "மிஷன் வாத்சல்யா" திட்டத்தில் ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் உதவி உண்டு. இயலாமையில் விழுந்த பெற்றோரின் பிள்ளைகளும் அதற்கு உரியவர்கள்.

இங்கும் ஒரு சிக்கல் இருக்கிறது. 2022-ல் வந்த விதிமுறைப்படி, நகரத்தில் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 96,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. மாதக் கணக்கில் அது 8,000 ரூபாய். பெங்களூரில் மூட்டை தூக்குபவரும் அதைவிட அதிகம் சம்பாதிக்கிறார். சம்பாதித்ததில் பெரும் பகுதி வாடகைக்கே போய்விடுகிறது. ஒருவர் சம்பாத்தியத்தில் ஒருவருக்கு வைத்தியமும் நடக்கிற வீட்டுக்கு இந்த வரம்பு பொருந்தாது. வரம்பை உயர்த்துவதோ, மனநோய் கண்ட பெற்றோரின் பிள்ளைகளுக்கு விலக்கு அளிப்பதோ அவசியம்.

ஒரு கேள்வி போதும்

நார்வே நாட்டில் 2010 முதல் ஒரு சட்டம் உள்ளது. மனநோய்க்கோ, போதைப் பழக்கத்துக்கோ, கடும் உடல்நோய்க்கோ சிகிச்சைக்கு வருபவருக்கு மைனர் பிள்ளைகள் உண்டா என்று அறிந்து, அப்பிள்ளைகளுக்கு வேண்டிய விளக்கமும் உதவியும் கிடைக்கச் செய்வது டாக்டர், நர்சுகளின் கடமை. இங்கிலாந்தில் 2014-ம் ஆண்டுச் சட்டப்படி, வீட்டில் நோயாளியைக் கவனித்துக்கொள்ளும் பிள்ளைக்கு என்ன உதவி தேவை என்று உள்ளூர் நிர்வாகம் ஆராய்ந்தாக வேண்டும்.

இந்தியாவில் இதற்குப் பெரிய கட்டடமும் கோடிக்கணக்கான பணமும் வேண்டியதில்லை. புறநோயாளிச் சீட்டில் ஒரு வரி சேர்த்தால் போதும்: வீட்டில் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? இந்தக் கேள்வி கேட்கப்பட்டால், ஆஸ்பத்திரியில் உள்ள சமூகப் பணியாளர் அந்தப் பிள்ளையைத் தேடிப் போக ஒரு முகாந்திரம் கிடைக்கும். பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக்குவதை நிறுத்தி, தமிழ், தெலுங்கு, உருது தெரிந்த ஊழியர் ஒருவரை அமர்த்த வேண்டும். அதுவரையில் டாக்டரின் மேஜையிலிருந்தே 14416-ஐக் கூப்பிட்டால்கூட அந்தக் கேள்விகளைப் பிள்ளையின் வாயில் வைக்காமல் தப்பிக்கலாம். 6 முதல் 14 வயது வரை கட்டாயக் கல்வி என்ற சட்டம் 2010 முதல் அமலில் இருக்கிறது. ஆகவே ஒரு மாதம் தொடர்ந்து வராத பெண்ணின் வீட்டுக் கதவைத் தட்டுவது பள்ளியின் பொறுப்பு.

சட்டம் திருந்தும் வரை அக்கம்பக்கத்தார் காத்திருக்க வேண்டியதில்லை. ஸ்ரீராமபுரத்திலும் அல்சூரிலும் விவேக்நகரிலும் ஒரு தெருவில் பத்துத் தமிழ்க் குடும்பங்களாவது இருக்கும். தமிழ்ச் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் பொங்கல் விழாவுக்கும் போனஸுக்கும் கூடுகின்றன. வார்டில் தகப்பன் தங்கும் இரவுகளில் பிள்ளைக்கு ஒரு பாய் விரிப்பதும், ஆஸ்பத்திரிக்குத் துணையாக ஒரு பெரியவர் போவதும், பள்ளி ஆசிரியரிடம் விஷயத்தைப் பக்குவமாக எடுத்துச் சொல்வதும் இவர்களால் ஆகாத காரியமல்ல. குடும்பத்தில் பக்குவமான பெரியவர் ஒருவரிடமாவது பிள்ளை மனம்விட்டுப் பேச முடிந்தால், பாதிச் சுமை இறங்கிவிடும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், தகப்பன்மார் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. "வெளியே சொல்லாதே" என்று பிள்ளைக்கு உத்தரவு போடுவதை நிறுத்தி, "அம்மாவுக்கு வந்திருப்பது ஒரு நோய், மருந்து உண்டு, உன்னால் வந்ததல்ல" என்று உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். சர்க்காரிடம் கேட்டுப் பெற வேண்டியவை பல. இதற்கு மட்டும் யாருடைய உத்தரவும் தேவையில்லை.